முன்னட்டை போன ஒரு கோடைக்காதல் நாவல்

இந்த நாவலுக்கு முன்னட்டையும் இல்லை, தலைப்புப் பக்கமும் இல்லை. நல்லூர்த் திருவிழாவுக்கு லண்டனில் இருந்து வந்த மச்சாள் கொண்டுவந்த புத்தகம். காரைநகர் கசூரினாவில் அவளின் சின்னவன் தண்ணீருக்குள் போட்டுவிட்டான். காய்ந்த பிறகு முதல் இரண்டு தாளும் கையோடு கழன்றுவிட்டன. "நீ சித்திர ரீச்சர், உனக்குத்தான் இது பிடிக்கும்" என்று தந்துவிட்டுப் போனாள். இரண்டு பின்னேரத்தில் முடித்துவிட்டேன். எனக்குச் சரியாகப் பிடித்துக்கொண்டது.

கதை இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில், கோர்ன்வால் கரையோர மீன்பிடி ஊர் ஒன்றில் நடக்கிறது. சின்னம்மா விட்டுப்போன சிறிய ஓவியக்கூடத்தை விற்பதா, நடத்துவதா என்று தீர்மானிக்க ஒரு பெண் வருகிறாள். கோடை முடிவதற்குள் ஒரு கண்காட்சி வைக்க வேண்டும். படங்களுக்குப் பிறேம் போடுகிற தச்சன் ஒருவன் இருக்கிறான். மிச்சம் உங்களுக்கு விளங்கும்.

ஆனால் அந்த இருவரும் நெருங்குகிற விதம் இருக்கிறதே, அதற்காகவே வாசிக்கலாம். கண்காட்சிக்கு முதல்நாள் இரவு படம் மாட்டுகிற அத்தியாயம். எல்லாப் படங்களையும் முதலில் சுவரோரம் தரையில் வைத்து இடம் மாற்றி மாற்றிப் பார்க்கிறார்கள். பிறகு அளவு. படத்தின் நடு, பார்ப்பவரின் கண்மட்டத்துக்கு வரவேண்டும். தரையில் இருந்து ஐந்தடிக்குச் சற்றுக் குறைவு. ஆணி அடிக்கும் இடம் வேறு. பின்னால் இருக்கும் கம்பி பாரத்தில் இழுபட்டு, மேல் விளிம்பில் இருந்து எவ்வளவு கீழே நிற்கும் என்று பார்த்துத்தான் ஆணியின் உயரம் வரும். அவள் கம்பியை ஒரு விரலால் தூக்கிப் பிடிக்கிறாள், அவன் டேப் வைத்து அளக்கிறான், தாள் இல்லாததால் இலக்கத்தைத் தன் மணிக்கட்டில் பென்சிலால் எழுதிக்கொள்கிறான். அடுத்தநாள் காலையில் அந்த இலக்கங்கள் அழியாமல் இருப்பதை அவள் காண்கிறாள். காதல் என்று ஒரு சொல் அந்த அத்தியாயத்தில் இல்லை.

மருதனார்மடத்தில் நுண்கலை படித்த காலத்தில் நாங்களும் இப்படித்தான் மாட்டினோம். மேசனிடம் இரவல் வாங்கிய, மட்டம் பார்க்கிற தண்ணி ரியூபும், ஒரு நூல்பந்தும். இரவு பத்து மணிக்கு ஒருவர் நூலைப் பிடிக்க, மற்றவர் தூர நின்று "கொஞ்சம் கீழே, கொஞ்சம் கீழே" என்று சொல்லிக்கொண்டே இருப்போம். இதை எழுதியவர் கட்டாயம் எங்கேயோ படம் மாட்டியிருக்கிறார்.

அதனால்தான் வார்னிஷ் விஷயம் எனக்குப் பொறுக்கவில்லை. கதாநாயகி ஒரு எண்ணெய்வர்ணப் படத்தை முடித்து, அடுத்த கிழமையே வார்னிஷ் பூசித் தொங்கவிடுகிறாள். எண்ணெய்வர்ணம் தண்ணீர் வற்றுவது போலக் காய்வதில்லை. காற்றில் உள்ள ஒட்சிசனை எடுத்து மெல்ல மெல்ல இறுகும். மேலே தொட்டால் காய்ந்தது போல இருக்கும், உள்ளே இருக்காது. வழமையாக ஆறு மாதமாவது பொறுக்க வேண்டும். அவசரப்பட்டு நான் பூசிய படம் ஒன்று இன்னும் அம்மா வீட்டில் இருக்கிறது. அந்தச் சித்திரை மாதத்து வேப்பம்பூ அதில் ஒட்டினது ஒட்டினதுதான்.

முடிவும் அவசரம். விற்ற விலையில் பாதியைக் கூடம் எடுத்துக்கொள்வது பற்றி நடுவில் ஒரு நல்ல சண்டை வருகிறது. படம் வரைபவருக்கும் கூடம் நடத்துபவருக்கும் இடையில் எல்லா இடத்திலும் உள்ள சண்டை அது. அதைத் தீர்க்காமலே, ஒரு பணக்காரர் வந்து எல்லாப் படத்தையும் வாங்கிப் போகிறார். அந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுத் தேத்தண்ணி போடப் போய்விட்டேன்.

அப்புறம் அந்தப் பின்னேரங்கள். அங்கே ஆனி மாதத்தில் பொழுதுபட ஒன்பதரை ஆகும். வேலை முடித்து, கடற்கரையில் நடந்து, கதைத்து, கோபித்து, திரும்பவும் சேர்ந்து நடக்க அவர்களுக்கு வெளிச்சம் மிச்சம் இருக்கிறது. இங்கே ஆறரைக்குப் பிறகு இருட்டும் நுளம்பும். எங்களுக்குக் கோடை யன்னலைச் சாத்துகிற காலம். தொல்காப்பியத்தில்கூட வேனிலும் நண்பகலும் பிரிவைப் பாடும் பாலைக்கு உரியவை. அதே வேனிலில் இரண்டு பேர் சேருவதை வாசிக்க எனக்குப் புதிதாக இருந்தது. அந்த நீண்ட மஞ்சள் வெளிச்சம் வெள்ளைச் சுவரில் படிப்படியாக இறங்குவதை எழுதியிருக்கிற இரண்டு பக்கத்தை ஏ.எல். (உயர்தர வகுப்பு) சித்திரப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டவேண்டும் என்று குறித்து வைத்திருக்கிறேன்.

ஆங்கிலம் லேசுதான். வசனங்கள் சின்னச் சின்னன். முத்தத்துக்கு மேலே எதுவும் இல்லை, பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்குத் தாராளமாகக் கொடுக்கலாம்.

பழைய நீர்வர்ணத் தாள் ஒன்றை மடித்து அட்டை போட்டிருக்கிறேன். இப்போது பக்கத்து வீட்டு அக்காவிடம் இருக்கிறது, படம் மாட்டுகிற அத்தியாயத்துக்கு வந்துவிட்டாவாம்.