கணக்கெழுத வெளியே கொடுத்து மூன்று ஆண்டு: அனாமத்துப் புராணம்

கணக்கெழுதும் வேலையை வெளியே கொடுத்தால் சிறு தொழிலுக்குக் கட்டுப்படியாகுமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். கட்டுப்படியாகும். மாதத்தில் நான்கைந்து நாள் வேலைக்கு முழுநேரச் சம்பளம் கொடுக்க வேண்டியதில்லை. கணக்கர் விடுப்பில் போனால் மாதமுடிப்பு நிற்காது, மென்பொருள் மாறினால் ஆளுக்குப் பயிற்சி கொடுக்கத் தேவையில்லை. எல்லோரும் சொல்லும் நன்மைகள்தான், எல்லாம் உண்மையும்கூட. மூன்று ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு சொல்ல மிச்சமிருப்பது வேறு சங்கதி: அனாமத்துக் கணக்கு.

எந்தத் தலைப்பில் எழுதுவது என்று தெரியாத தொகையைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கும் இடம் அது. பக்கத்து மேசையில் உட்கார்ந்து எழுதுபவர் தலையைத் திருப்பி "இது என்னங்க?" என்று கேட்டுவிடுவார், அரை நிமிடத்தில் முடிந்துவிடும். வெளியே இருப்பவருக்கு அந்த வசதி இல்லை. அனாமத்தில் போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போவார். கூலி பதிவு எண்ணிக்கைப்படி என்றால் இன்னும் வேகமாகப் போவார். மாதக்கடைசியில் ஒரு பட்டியல் வரும்: நாற்பது வரி, தேதியும் தொகையும் மட்டும், கடைசிப் பத்தியில் நாற்பது கேள்விக்குறி.

நியாயமாகச் சொன்னால் பாதித் தவறு முதலாளி பக்கம். தொழில் கணக்கிலிருந்து வீட்டுச் செலவுக்குப் பணம் எடுத்துவிட்டு அது எடுப்புகள் (முதலாளி சொந்தத்துக்கு எடுத்தது) என்று சொல்லாமல் இருந்தால் கணக்கெழுதுபவர் என்ன செய்வார்? வங்கி அறிக்கையின் வரியில் ஒரு நீள எண்ணைத் தவிர எதுவும் இருக்காது. அவர் ஜோசியர் இல்லை.

ஆனால் மறுபாதி இருக்கிறதே, அங்கேதான் கோபம் வருகிறது. இணையவழிப் பணம் மொத்தமாக வந்து விழுவதைப் பாருங்கள். 1,000, 1,500, 2,500 என்று மூன்று பில், மொத்தம் 5,000. இடையில் இருந்து பணத்தை வாங்கித் தரும் நிறுவனம் 2 சதவீதம் கழித்துக்கொள்கிறது, வங்கியில் விழுவது 4,900. வங்கிக்குப் பற்று 4,900, கமிஷன் செலவுக்குப் பற்று 100, மூன்று வாடிக்கையாளர்கள் கணக்கிலும் மொத்தம் 5,000 வரவு. இவ்வளவுதான். இதற்கு, எந்தெந்த பில்லுக்கான பணம், கழித்தது எவ்வளவு என்று காட்டும் அந்த நிறுவனத்தின் தீர்வு அறிக்கையைத் தரவிறக்கிப் பார்க்கவேண்டும். பார்க்காமல் 4,900-ஐ அனாமத்தில் தள்ளினால் மூன்று பில்லும் பாக்கியாகவே நிற்கும், பணம் கட்டியவருக்கே நினைவூட்டல் போகும். நேராக 4,900 விற்பனை என்று எழுதினால் இன்னும் மோசம். பில் போட்டபோது ஒருமுறை, பணம் வந்தபோது ஒருமுறை என்று ஒரே விற்பனை இரண்டு தடவை ஏறிவிடும்.

கடன் தவணையும் இதே கதைதான். 10,000 தவணையில் 7,200 அசல், 2,800 வட்டி என்றால் செலவு வட்டி மட்டுமே. முழுவதையும் செலவாக எழுதினால் இலாபம் 7,200 குறைந்து தெரியும், சொத்தையும் கடனையும் காட்டும் ஐந்தொகையில் கடன் அசையாமல் நிற்கும். தவணை அட்டவணையை முதல் மாதமே அனுப்பிவைத்தால் ஒழியும் பிழை இது. கேட்டு வாங்கவேண்டியது அவர் பொறுப்பு, கேட்கமாட்டார்.

அனாமத்தை அடங்க வைக்கும் வழி இருக்கிறது. கணக்குத் தலைப்புகளை நாற்பதுக்குள் நிறுத்துங்கள். நூற்றிருபது தலைப்பு வைத்தால் ஒரே வாடகை மூன்று பெயரில் உட்காரும். அடிக்கடி பணம் போகும் இருபது முப்பது பேரின் பெயரும் அவரவர்க்கான தலைப்பும் ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். பில் படங்களுக்குத் தேதி, பெயர், தொகை என்ற வரிசையில் பெயரிடுங்கள். அனுப்புவது வாரம் ஒருமுறை. மாதக்கடைசியில் மூட்டையாக அனுப்பினால் உங்களுக்கே எது எதற்கென்று மறந்திருக்கும். எல்லாவற்றையும்விட முக்கியம், கேள்விப் பட்டியலில் ஒவ்வொரு வரிக்கும் எதிரே அவருடைய ஊகத்தை எழுதச் சொல்லுங்கள். "போன மாதம் இதே தொகை பராமரிப்பில் போனது, அதுதானா?" என்று கேட்டால் பதில் "ஆம்" என்ற ஒற்றைச் சொல். ஊகிக்கச் சொன்னதும் பாதிக் கேள்விகள் காணாமலே போகும்.

மாதம் முடிந்ததும் அனாமத்தின் இருப்பு சுழியா என்று மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். ஒரு தவறான பற்றும் அதே அளவு தவறான வரவும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு சுழி காட்டும். நிலுவையில் நிற்கும் பதிவுகளின் எண்ணிக்கையைக் கேளுங்கள். வங்கி அறிக்கையையும் நம் ஏட்டையும் ஒப்பிடும் சரிக்கட்டும் பட்டியலில் வித்தியாசம் நின்றால் அதை 9 ஆல் வகுத்துப் பாருங்கள். மீதியின்றி வகுபட்டால் இலக்கம் இடம் மாறியிருக்கலாம்: 5,460-ஐ 5,640 என்று எழுதினால் வித்தியாசம் 180. வித்தியாசத்தில் சரிபாதித் தொகை ஏட்டில் எங்காவது இருந்தால், அது பற்றுக்குப் பதில் வரவு என்று பக்கம் மாறி விழுந்திருக்க வாய்ப்புண்டு. இந்த இரண்டையும் வெளியாள் செய்யாமல் அனாமத்தில் தள்ளுகிறார் என்றால் அவரை மாற்றலாம்.

ரொனால்ட் கோஸ் என்ற பொருளியலாளர் 1937-ல், சந்தையில் எல்லாம் கிடைக்கும்போது நிறுவனம் என்று ஒன்று எதற்கு என்று கேட்டார். சந்தையில் வாங்குவதற்கே ஒரு செலவு உண்டு, ஆள் தேடுவது, பேரம் பேசுவது எல்லாம் அதில் சேரும் என்பது அவர் பதில். நாற்பது கேள்விக்குறிப் பட்டியலும் அந்தச் செலவில் சேர்த்திதான், விலைப்பட்டியலில் மட்டும் இருக்காது.

எதிர்பார்க்காமல் கிடைத்த நல்லதையும் சொல்லவேண்டும். பணம் கொடுப்பவர் ஒருவர், கணக்கெழுதுபவர் வேறொருவர் என்று தானாகவே பிரிந்துவிடுகிறது. உள்ளே ஒருவரே இரண்டையும் செய்யும்போது போலி பில் நுழைந்தால் பிடிக்க ஆளில்லை. இன்னொன்று, 30, 60, 90 நாள் என்று பிரித்த பாக்கிப் பட்டியல் மாதாமாதம் தேதி தவறாமல் வருவது. 90 தாண்டிய பெயர்களைப் பார்த்ததும் கை தானாகத் தொலைபேசிக்குப் போகும். ஆனால் வசூல் பேச்சை வெளியாளிடம் கொடுக்காதீர்கள், உறவு முறியும். சம்பளப் பட்டியல் தயாரிப்பைத் தாராளமாகக் கொடுக்கலாம். விதி எழுதப்பட்ட வேலை, அனாமத்துக்கு இடமில்லை.

வங்கியில் பார்க்கும் உரிமை மட்டும் கொடுங்கள். அதிகபட்சம், அனுப்பவேண்டிய பணத்துக்கான பதிவை அவர் தயாரித்து வைக்கலாம், ஒப்புதல் உங்கள் கையில். சப்ளையரின் வங்கி எண் மாறிவிட்டதாக மின்னஞ்சல் வந்தால், ஏற்கெனவே உங்களிடம் இருக்கும் தொலைபேசி எண்ணில் அவரைக் கூப்பிட்டுக் கேட்காமல் யாரும் எதையும் மாற்றக்கூடாது. மென்பொருள் சந்தா உங்கள் பெயரில் இருக்கட்டும். பிரியும்போது பேரேடு முழுவதும் விரிதாளாகக் கைக்கு வரவேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். பிடிஎஃப் கொடுத்தால் அடுத்தவர் முதலிலிருந்து தட்டச்சு செய்யவேண்டியதுதான்.

மதிப்பெண்? இந்த மாதப் பட்டியலும் ஊகம் இல்லாமலே வந்திருப்பதால் 5-க்கு 2. ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும், அதில் சந்தேகமில்லை. ஒரே ஒரு வரி கூடுதலாக: அனாமத்தில் பதிவு நிற்கும் மாதத்தின் கூலி, அது தீர்ந்த பிறகே. கேட்டும் பதில் சொல்லப்படாத வரிகள் இதில் சேராது என்று அவர் திருத்தம் கேட்பார். கொடுத்துத்தான் ஆகவேண்டும்.