ஸ்லிம் புளூ-ரே டிரைவ்: குறை லேசரில் இல்லை, கரண்டில்

எந்த பிராண்டு நல்லது என்று கேட்கும் முன், எந்தக் கேபிள், எத்தனை மில்லிஆம்பியர் என்று கேளுங்கள். லேப்டாப்பில் யு.எஸ்.பி வழியாகச் செருகும் மெல்லிய (ஸ்லிம்) புளூ-ரே டிரைவை வருடக்கணக்கில் ஓட்டிய பிறகும் என் கோபமெல்லாம் இந்த ஒரே இடத்தில்தான்.

யு.எஸ்.பி 2.0 போர்ட் தருவது 500 மில்லிஆம்பியர், 3.0 தருவது 900. டிஸ்க் சுழலத் தொடங்கும் முதல் சில விநாடிகளிலும், எழுதும் லேசர் முழு பலத்தில் எரியும்போதும் டிரைவ் 1 ஆம்பியர் வரை இழுக்கும், சமயத்தில் தாண்டவும் செய்யும். கேபிள் மெலிதாகவோ நீளமாகவோ இருந்தால் வோல்டேஜ் வழியிலேயே இறங்கிவிடும். டிக் டிக் என்று சத்தம் வரும், டிரைவ் ஸ்கிரீனிலிருந்து மறையும், மறுபடி தோன்றும். எழுதிக்கொண்டிருந்த 50 ஜிபி டிஸ்க் அதோடு குப்பைதான். சோனி 2025 பிப்ரவரியோடு எழுதும் புளூ-ரே டிஸ்க் தயாரிப்பை நிறுத்திவிட்ட நிலையில், ஒரு காலி டிஸ்க் வீணாவது வயிற்றெரிச்சல்.

இன்னொன்று: டிரைவின் வேகத்தை எக்ஸ் கணக்கில் சொல்வார்கள், 6எக்ஸ் என்பது விநாடிக்கு 27 எம்பி. 2.0 போர்ட்டே அதற்குப் போதும். 3.0 போர்ட்டில் செருகச் சொல்வது அந்தக் கூடுதல் 400 மில்லிஆம்பியருக்காக.

செய்ய வேண்டியது இதுதான். பவர் அடாப்டர் இல்லாத ஹப்பில் செருகவே கூடாது. அரை மீட்டருக்கு மிகாத தடித்த கேபிள், அல்லது இரண்டு முனையையும் லேப்டாப்பிலேயே செருகும் ஒய் கேபிள் வாங்குங்கள். டிரைவில் தனியாக 5 வோல்ட் துளை இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். எழுதும் வேகத்தை 4எக்ஸுக்கு இறக்குங்கள். 25 ஜிபி டிஸ்க்குக்கு 23 நிமிடம் ஆகும், ஆனால் முடியும். பிறகு எழுதியது சரியா என்று திரும்பப் படித்து வெரிஃபை செய்யாமல் டிஸ்க்கை வெளியே எடுக்காதீர்கள்.

டிவிடி ஓடுகிறது, புளூ-ரே மட்டும் ஓடவில்லை என்றால் அது வேறு கதை. டிவிடிக்குச் சிவப்பு லேசர், புளூ-ரேக்கு 405 நானோமீட்டர் ஊதா லேசர். ஒன்று செத்தாலும் மற்றது வேலை செய்யும். முதலில் டிஸ்க்கைத் துடைத்துப் பாருங்கள். புளூ-ரேயில் தகவல் அடுக்கு மேற்பரப்பிலிருந்து 0.1 மில்லிமீட்டர் ஆழத்தில்தான் இருக்கிறது, விரல் ரேகையே தகராறு செய்யும்.

படம் பார்க்க என்றால், விண்டோஸில் அதற்கான மென்பொருள் கிடையாது, காசு கொடுத்து வாங்க வேண்டும். புளூ-ரே படங்களை எந்த நாட்டில் ஓட்டலாம் என்று மண்டலம் பிரித்துப் பூட்டுவார்கள், இந்தியா சி மண்டலம். அமெரிக்க டிஸ்க்குகள் பல ஏ மண்டலத்துக்குப் பூட்டியவை. 4கே டிஸ்க்குக்கு மண்டலத் தொல்லை இல்லை. ஆனால் கம்ப்யூட்டரில் முறையாக ஓட இன்டெல் சிப்பில் எஸ்ஜிஎக்ஸ் என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், புதிய கோர் சிப்புகளில் அது இல்லை. 4கே என்று அட்டையில் அச்சடித்திருப்பதை நம்பிக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள்.

படிப்பதில் இந்த டிரைவைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. சத்தம் குறைவு, கீறல் விழுந்த பழைய டிஸ்க்கையும் பொறுமையாகப் படிக்கிறது, பையில் வைத்தால் எடையே தெரியாது. இருந்தும் எழுதுவதற்கென்றால் இன்னொரு ஸ்லிம் வாங்க மாட்டேன். டெஸ்க்டாப்பில் போடும் 5.25 அங்குல டிரைவையும் அதைப் பொருத்தி யு.எஸ்.பியில் இணைக்க, 12 வோல்ட் அடாப்டரோடு வரும் சாட்டா பெட்டியையும் வாங்கி மேசையில் வையுங்கள்.