62,000 ரூபாய்க்கு வாங்கிய பழைய மில்லிங் மெஷின்: எட்டு மாதம் ஓட்டிய பிறகு

எட்டு மாதத்துக்கு முன்னால் கோயம்புத்தூர் கணபதி பக்கம் ஒரு பழைய மெஷின் கடையில் இசட்எக்ஸ் 30 ரக மில்லிங் மெஷின் (சுழலும் கட்டரால் உலோகத்தை வெட்டும் மெஷின்) ஒன்றை 62,000 ரூபாய்க்கு வாங்கினேன். உருண்டைத் தூண், பெல்ட் மாற்றினால் 12 வேகம், கட்டரைச் சுற்றும் தண்டான ஸ்பிண்டிலில் எம்டி3 அளவு டேப்பர் (கட்டர் பிடிக்கும் கூம்புத் துளை), எடை 300 கிலோவுக்குப் பக்கம். தைவானில் ரோங் ஃபூ கம்பெனி செய்த ஆர்எஃப் 30 மாதிரியைப் பின்பற்றிச் சீனாவில் பல இடங்களில் செய்த ரகம் இது, பெயர்ப்பலகைதான் மாறும், உள்ளே ஏறக்குறைய ஒன்றுதான். வீட்டுப் பட்டறைக்கு வாங்கலாமா என்று கேட்டால், தாராளமாக வாங்கலாம். ஆனால் டயல் கேஜும் (நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் கருவி) அதற்கு ஒரு காந்த ஸ்டாண்டும் இல்லாமல் பார்க்கப் போகாதீர்கள்.

எச்எம்டி எஃப்என்2 போன்ற பெரிய மெஷின்களும் பழசில் கிடைக்கின்றன, வார்ப்பைத் தொட்டாலே ஆசை வரும். டன் கணக்கில் எடை, என் பட்டறையோ 10க்கு 12 அடி ஷெட், அதனால் அந்த ஆசையை விட்டுவிட்டேன்.

முதலில் பார்த்த கடையை நினைத்தால் இன்னும் கோபம் வருகிறது. பளபளவென்று புது பச்சை பெயிண்ட், டேபிள் ஸ்க்ரூவின் மேலேயும் பெயிண்ட், ஓட்டிக் காட்டச் சொன்னால் கரண்ட் இல்லை என்றார்கள், அடுத்த ஷெட்டில் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. டேப்பருக்குள் விரலை விட்டுத் தடவினேன், கோலெட் (கட்டரைக் கவ்விப் பிடிக்கும் குழல்) வழுக்கிச் சுற்றிய கீறல்கள் வரிவரியாகக் கையில் தட்டின. முன்பணம் கொடுத்தால் பிடித்து வைக்கிறோம் என்றார்கள், வந்துவிட்டேன்.

கணபதியில் வாங்கிய மெஷினுக்கு பெயிண்ட் உரிந்திருந்தது, டேபிளில் யாரோ டிரில்லை இறக்கிய நாலு குழி இருந்தது. "ஓட்டிப் பாத்துக்கலாமுங்களாண்ணா?" என்று கேட்டேன். "ஓட்டுங்க தம்பி, சாயந்தரம் வரைக்கும் ஓட்டுங்க" என்று சொல்லி அவரே லைட்டை இழுத்துக்கொண்டு வந்து கொடுத்தார். கடைக்காரரிடம் நான் எதிர்பார்ப்பது இது ஒன்றுதான். டேப்பரைத் துணியால் துடைத்து, உள்சுவரில் டயல் முள்ளை வைத்துக் கையால் சுற்றினேன், ஆட்டம் 0.015 மில்லிமீட்டர். ஸ்பிண்டிலைத் தாங்கி மேலும் கீழும் போகும் க்வில்லை முழுக்க இறக்கி பக்கவாட்டில் அழுத்திப் பார்த்தேன், முள் கொஞ்சம் நகர்ந்து திரும்ப அதே இடத்துக்கு வந்தது. அதிக வேகத்தில் 20 நிமிடம் ஓடவிட்டு பேரிங் பக்கம் கை வைத்தேன், வெதுவெதுப்புதான், சத்தமும் சீராக இருந்தது. அப்புறம் ரொம்ப முக்கியமான சோதனை ஒன்று. டேபிளை நடுவில் நிறுத்தி, டேபிளின் வழித்தட ஆட்டத்தைக் குறைக்கும் ஜிப் ஸ்க்ரூவை ஆட்டம் போகும் வரை இறுக்கி, அப்படியே கடைசி வரை ஹேண்டிலைச் சுற்ற வேண்டும். ஓரத்தில் போய் இறுகி நின்றால் நடுப்பகுதி தேய்ந்துவிட்டது என்று அர்த்தம், அதை வீட்டில் சரிசெய்ய முடியாது. இதில் ஓரத்தில் லேசாகத்தான் கனத்தது. குழி விழுந்த டேபிள், உடைந்த கைப்பிடி, கிழிந்த பெல்ட் எல்லாம் பேரம் பேச உதவும் குறைகள். ஸ்பிண்டிலும் வழித்தடமும் கெட்டிருந்தால் மட்டும் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். 78,000 சொன்னார், 62,000க்கு முடிந்தது.

ஒரு விஷயத்தைக் கோட்டை விட்டேன். மோட்டார் 2 ஹெச்பி, மூன்று ஃபேஸ், 415 வோல்ட். கடையில் மூன்று ஃபேஸ் இருந்ததால் ஓடியது, என் வீட்டில் சிங்கிள் ஃபேஸ்தான். விஎஃப்டி (சிங்கிள் ஃபேஸை மூன்று ஃபேஸாக மாற்றி, மோட்டார் வேகத்தையும் கூட்டிக் குறைக்கும் பெட்டி) வாங்கிவிட்டால் போதும் என்று நினைத்தேன், ஆனால் 230 வோல்ட் உள்ளே கொடுத்தால் அது 230 வோல்ட் மூன்று ஃபேஸாகத்தான் வெளியே தரும், மோட்டாரோ 415 வோல்ட்டுக்கான ஸ்டார் இணைப்பை உள்ளேயே போட்டு மூன்று ஒயர் மட்டும் வெளியே விட்டது. இந்த ஊரில் பம்புசெட் தொழில் இருப்பதால் தெருவுக்கு ஒரு ரீவைண்டிங் கடை இருக்கிறது, அங்கே கழற்றி, ஸ்டார் முடிச்சைப் பிரித்து ஆறு ஒயராக வெளியே எடுத்து 230 வோல்ட்டுக்கு ஏற்ற டெல்டா இணைப்பாக மாற்றிக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு அருமையாக ஓடுகிறது. பழைய ஃபார்வர்ட் ரிவர்ஸ் சுவிட்சை விஎஃப்டிக்கும் மோட்டாருக்கும் நடுவில் விடவே கூடாது, ஓடும்போது அதைத் திருப்பினால் விஎஃப்டி போய்விடும். ரொம்பக் குறைந்த வேகத்தில் நீண்ட நேரம் ஓட்டுவதும் வேண்டாம், மோட்டாரின் விசிறியும் அதே அளவுக்கு மெதுவாகச் சுற்றுவதால் சூடு ஏறும்.

கொண்டுவரும்போது தலைப்பகுதியைக் கழற்றி சின்ன யானையில் தனியாக ஏற்றினோம். கழற்றாமல் ஏற்றினால் மேல்கனம், ஒரு பள்ளத்தில் சாய்ந்துவிடும்.

இந்த ரகத்தின் உண்மையான குறை உருண்டைத் தூண். தலையை ஏற்றி இறக்க லாக்கைத் தளர்த்தினால் அது தூணைச் சுற்றிக் கொஞ்சம் திரும்பிவிடும், சிரமப்பட்டுப் பிடித்த ஜீரோ (அளவு தொடங்கும் புள்ளி) போய்விடும். துளைக்கு முதலில் இடம் குறிக்கும் சென்டர் டிரில் குட்டை, டிரில் சக்கும் டிரில்லும் நீளம், இரண்டுக்கும் ஒரே உயரம் ஒத்துவராது. குட்டை டிரில் பயன்படுத்தி, முடிந்தவரை எல்லாவற்றையும் கோலெட்டிலேயே பிடித்து, தலையை நகர்த்தாமல் வேலையை முடிக்கப் பழகிக்கொண்டேன். நகர்த்தியே ஆக வேண்டிய வேலைக்குத் தலையில் ஒரு லேசர் பொருத்தி, 4 மீட்டர் தள்ளி இருக்கும் சுவரில் செங்குத்தாக ஒரு கோடு போட்டிருக்கிறேன். தூணிலிருந்து ஸ்பிண்டில் சுமார் 200 மில்லிமீட்டர் என்று வைத்தால், சுவரில் புள்ளி 1 மில்லிமீட்டர் விலகுவது ஸ்பிண்டிலில் 0.05தான். துளை போடும் வேலைக்கு இது போதும், பேரிங் உட்காரும் துளைக்குப் போதாது, அதற்கு ஓரத்தைத் தொட்டு இடம் பிடிக்கும் எட்ஜ் ஃபைண்டரை எடுத்து மறுபடி தொட்டுப் பார்த்துத்தான் ஆக வேண்டும். இந்தத் தொல்லையே வேண்டாம் என்றால் சதுரத் தூண் மெஷினாகப் பார்த்து வாங்குங்கள், விலை கூடும்.

எம்டி3 டேப்பர் தானாக விடாது. கோலெட்டை மேலே இழுத்துப் பிடிக்கும் கம்பியான டிராபாரை இரண்டு சுற்றுத் தளர்த்தி பித்தளைச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்ட வேண்டும், ஆர்8 என்ற இன்னொரு ரக டேப்பரில் இந்த அளவுக்கு ஒட்டாது. ஸ்பிண்டில் சூடாக இருக்கும்போது குளிர்ந்த கோலெட்டை மாட்டி இறுக்கினால் ஆறிய பிறகு கவ்விப் பிடித்துக்கொள்ளும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். டேபிள் ஸ்க்ரூவில் ப்ளே (திருப்பும்போது வரும் வெற்று ஆட்டம்) 0.35 மில்லிமீட்டர் இருந்தது, நட்டைச் சரிசெய்து 0.12க்குக் கொண்டுவந்தேன். இவ்வளவு ப்ளே இருக்கும் மெஷினில் கட்டர் சுற்றும் பக்கமே வெட்டும் பொருளைத் தள்ளினால் டேபிளை அதுவே இழுத்துக்கொண்டு போய் கட்டரை உடைக்கும், எதிர்ப்பக்கமாகத்தான் தள்ள வேண்டும். தலை முன்பக்கம் 200 மில்லிமீட்டருக்கு 0.08 சாய்ந்திருந்தது, அதற்குத் திருகு எதுவும் கிடையாது, தூணின் அடியில் ஷிம் (மெல்லிய தகடு) வைத்துத்தான் நேராக்கினேன், இரண்டு ஞாயிற்றுக்கிழமை போனது.

மெஷின் விலையோடு நிறுத்திக் கணக்குப் போடாதீர்கள். 4 அங்குல வைஸ், கோலெட் செட், கிளாம்ப் செட், அடிசன் கம்பெனி எண்ட் மில் கட்டர் நாலைந்து, விஎஃப்டி, ரீவைண்டிங், வண்டி வாடகை என்று இன்னொரு 41,000 போனது. இவ்வளவும் சேர்த்து எனக்கு நிறைவுதான். மைல்ட் ஸ்டீலில் 10 மில்லிமீட்டர் ஹெச்எஸ்எஸ் (ஹைஸ்பீட் ஸ்டீல்) கட்டரை 800 ஆர்பிஎம் பக்கம் வைத்து 1 மில்லிமீட்டர் ஆழம் எடுத்தால் அதிராமல் வெட்டுகிறது. அலுமினியத்தில் இன்னும் நன்றாகவே வருகிறது.

போன வாரம் பக்கத்துத் தோட்டத்துக்காரர் சோளத்தட்டு வெட்டும் மெஷினின் ஷாஃப்ட்டைக் கொண்டுவந்தார், பழைய சாவிக்காடி (சாவி என்ற இரும்புத் துண்டு உட்காரும் பள்ளம்) பிய்ந்து போயிருந்தது. 20 மில்லிமீட்டர் ஷாஃப்ட், எதிர்ப்பக்கத்தில் 6 மில்லிமீட்டர் அகலம், 3.5 ஆழத்துக்குப் புதுக் காடி வெட்டினேன். சாவி கையால் அழுத்தியதும் பாதி உட்கார்ந்தது, மீதிக்கு இரண்டு தட்டு. மாட்டிவிட்டு அன்றைக்கே மாட்டுக்குத் தட்டு வெட்டிப் போட்டதாக அவர் போன் செய்தார்.