தண்டையார்பேட்டை ஞாயிறு வகுப்பு: ஓர் எட்டாம் வகுப்புப் பெற்றோரின் மதிப்புரை

அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் எட்டாம் வகுப்புப் படிக்கும் பிள்ளைகளைத் தேசிய வருவாய் வழி மற்றும் திறன் படிப்புதவித் தொகைத் தேர்வுக்கு, அதாவது எல்லாரும் என்.எம்.எம்.எஸ். என்று சொல்லும் தேர்வுக்கு ஆயத்தப்படுத்தும் வகுப்பு ஒன்று, தண்டையார்பேட்டை மெட்ரோ நிலையத்திலிருந்து நடந்து போகும் தொலைவில், ஒரு வீட்டின் மாடியில் ஞாயிறுதோறும் நடக்கிறது. என் மகள் அங்கே படித்தாள். நிறையோடு குறையையும் எழுதப்போவதால் வகுப்பின் பெயரைத் தவிர்க்கிறேன். மாதக் கட்டணம் 500 ரூபாய்.

பாடம் தொடங்கும் முன் பெற்றோரை உட்காரவைத்து, பள்ளியில் நடக்கும் தேர்வுகளில் எது கட்டாயம், எது விருப்பம், எதன் முடிவு பிள்ளையைச் சேரும், எது அரசாங்கத்தின் கணக்குக்கு மட்டும் என்று அங்குள்ள ஆசிரியை விளக்கியதையே இந்த வகுப்பின் முதன்மையான சிறப்பாக நான் கருதுகிறேன். எங்கள் பகுதியில் இந்த விளக்கத்துக்கு மிகுந்த தேவை இருக்கிறது. துறைமுகத்துக்குக் கண்டெய்னர் லாரி ஓட்டுபவரும், காசிமேட்டில் விடியற்காலையில் மீன் எடுத்துக் கொருக்குப்பேட்டையில் விற்பவரும் பள்ளியின் பெற்றோர் கூட்டத்துக்கு ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுத்தான் வர முடியும். 2019இல் ஐந்தாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு என்று அறிவித்து, 2020 பிப்ரவரியில் அதைத் தமிழக அரசு திரும்பப் பெற்றது. அறிவிப்பு எல்லார் காதிலும் விழுந்தது. ரத்தானது பலருக்கு இன்றுவரை தெரியாது.

அந்தக் கூட்டத்தில் ஒரு தாய் எழுந்து, “மிஸ், இந்த எக்ஸாம்ல ஃபெயிலானா என் பொண்ணை எட்டாவதுலயே உட்கார வெச்சிடுவாங்களா?” என்று கேட்டார். “இல்லம்மா, பாஸானா காசு வரும், ஆகலைன்னா ஒண்ணும் ஆகாது. இது நாம விரும்பி எழுதுறது. பத்தாவது பரீட்சைதான் எல்லாரும் எழுதியே ஆகணும்” என்று ஆசிரியை பதில் சொன்னார். அரை மணி நேர உரையை விட இந்தப் பதில் பயன்பட்டது என்பதைச் சுற்றி இருந்தவர்களின் முகத்தில் கண்டேன்.

அதன் பின் அவர் ஒவ்வொரு தேர்வாக எடுத்துச் சொன்னார். மாநிலப் பாடத்திட்டத்தில் படிப்பவர் சந்திக்கும் முதல் கட்டாயப் பொதுத்தேர்வு பத்தாம் வகுப்பில் வருகிறது. ஐந்து பாடங்கள், 500 மதிப்பெண். ஒவ்வொரு பாடத்திலும் தேர்ச்சிக்கு 35 வேண்டும். அறிவியலில் மட்டும் எழுத்துத் தேர்வுக்கு 75, செய்முறைக்கு 25 என்று பிரித்திருப்பதால், செய்முறையில் முழு மதிப்பெண் வாங்கியவரும் எழுத்துத் தேர்வில் 20 எடுத்தாக வேண்டும். தவறியவருக்கு அடுத்த சில வாரங்களிலேயே துணைத்தேர்வு உண்டு. 2017-18இல் தொடங்கிய பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வை 2025இல் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை கைவிட்டது என்பதையும் அவர் சொன்னார். மூத்த பிள்ளையின் அனுபவத்தை வைத்து இளைய பிள்ளைக்குத் திட்டமிடும் குடும்பங்களுக்கு இது முக்கியமான செய்தி.

என்.எம்.எம்.எஸ். பற்றிய விளக்கமும் தெளிவாகவே இருந்தது. பெற்றோரின் ஆண்டு வருமானம் மூன்றரை லட்சம் ரூபாயைத் தாண்டக் கூடாது. ஏழாம் வகுப்பில் 55 விழுக்காடு, பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கு 50 விழுக்காடு மதிப்பெண் இருக்க வேண்டும். தேர்வானால் ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய், நான்காண்டுகளில் 48,000 ரூபாய், மாணவரின் வங்கிக் கணக்குக்கே வருகிறது. தமிழ்நாட்டுக்கு ஒதுக்கப்பட்டிருப்பவை 6,695 இடங்கள். மெட்ரிகுலேஷன் பள்ளிக்குக் கடன் வாங்கிக் கட்டணம் கட்டும் ஏழைக் குடும்பத்தின் பிள்ளைக்கு இதில் இடமில்லை என்பது எனக்கு வருத்தமே; ஆனால் விதி அதுதான், அதை வகுப்பில் சேரும் முன்பே சொல்லிவிடுகிறார்கள்.

கற்பித்தலைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. மனத்திறன் தேர்வு 90 வினாக்கள், படிப்பறிவுத் தேர்வு 90 வினாக்கள், ஒவ்வொன்றுக்கும் 90 நிமிடம். ஒரு வினாவுக்கு ஒரு நிமிடம் என்ற இந்தக் கணக்கே அரசுப் பள்ளிப் பிள்ளைகளைத் திணறடிக்கிறது; ஏனென்றால் அவர்கள் பழகியது விரிவாக எழுதும் தேர்வு. எண் தொடர், ஒப்புமை, குறியீட்டு மொழி, கண்ணாடிப் பிம்பம், வென்படம் போன்றவை எந்தப் பாடநூலிலும் தனிப் பாடமாக இல்லாதவை. அவற்றை இந்த வகுப்பில் குறுக்குவழியாக மனப்பாடம் செய்யவைப்பதில்லை. கண்ணாடிப் பிம்பத்துக்கு உண்மையிலேயே ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைக் கரும்பலகை ஓரம் நிறுத்தி, எழுத்துகளை எழுதி, பிள்ளைகளையே பார்க்கச் சொல்கிறார்கள். வட்டங்களை நிரப்பும் ஓ.எம்.ஆர். தாளுக்கும் தனிப் பயிற்சி உண்டு. தெரியாத வினாவை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகும் பிள்ளை தாளில் ஒரு வரிசை நகராமல் நிரப்பிவிட்டால், அதன் பின் வரும் சரியான விடைகள் எல்லாம் தவறாகிவிடும். அதனால் பத்து வினாவுக்கு ஒரு முறை வினா எண்ணையும் வட்டத்தின் எண்ணையும் ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கத்தை முதல் மாதத்திலேயே ஊட்டிவிடுகிறார்கள். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை என்பதால் எந்த வினாவையும் வெறுமனே விடக் கூடாது என்றும் கற்பிக்கிறார்கள். படிப்பறிவுத் தேர்வில் அறிவியலுக்கும் சமூக அறிவியலுக்கும் தலா 35 வினாக்கள், கணிதத்துக்கு 20 வினாக்கள் வருகின்றன. இருந்தும் வகுப்பு நேரத்தில் பெரும்பகுதியைக் கணிதமே எடுத்துக்கொள்கிறது. சமூக அறிவியலுக்கு இன்னும் நேரம் ஒதுக்கியிருக்கலாம்.

நான் உறுதியாக எதிர்க்கும் ஒன்றும் அங்கே நடக்கிறது. மூன்றாம் வகுப்பு, ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தேசிய அடைவுத் தேர்வுப் பயிற்சி என்று தனிக் கட்டணம் வாங்கி ஒரு பிரிவு நடத்துகிறார்கள். 2021இல் தேசிய அடைவு ஆய்வு என்ற பெயரிலும், 2024 டிசம்பர் 4 அன்று பரக் ராஷ்ட்ரிய சர்வேக்ஷண் என்ற பெயரிலும் நடந்த அந்தத் தேர்வு, மாதிரியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட பள்ளிகளில் மட்டும் நடப்பது. 2024இல் 3, 6, 9 ஆகிய வகுப்புகளில் நாடு முழுவதும் ஏறத்தாழ 21 லட்சம் மாணவர்கள் அதை எழுதினார்கள். முடிவுகள் மாவட்டத்துக்கும் மாநிலத்துக்கும் உரியவை. எந்தப் பிள்ளைக்கும் மதிப்பெண் பட்டியல் கிடையாது, தேர்ச்சியும் தோல்வியும் கிடையாது. மாவட்டத்துப் பிள்ளைகள் எதில் பின்தங்கியிருக்கிறார்கள் என்று அறிந்து ஆசிரியர் பயிற்சியையும் பாடநூலையும் திருத்துவதற்காக எடுக்கும் கணக்கு அது. அதற்கென்று எட்டு வயதுப் பிள்ளையைப் பழக்கினால், பிள்ளைக்கும் பயனில்லை, கணக்கும் பொய்யாகிவிடும். பெற்றோர் கூட்டத்தில் இவ்வளவு நேர்மையாக விளக்கியவர்கள் இதற்குப் பணம் வாங்குவது முறையில்லை என்று பொறுப்பாளரிடமே சொன்னேன். பெற்றோர்தான் கேட்கிறார்கள் என்றார். கேட்டாலும் வேண்டாம் என்று சொல்லும் கடமை, விவரம் தெரிந்தவருக்கு இருக்கிறது.

இடவசதி சுமார். வெயில் காலத்தில் மாடி அனலாக இருக்கும். தண்ணீர் பாட்டில் கொடுத்தனுப்புவது நல்லது.

தேர்வு முடிந்ததும் வகுப்பின் தொடர்பும் முடிந்துவிடுவது இன்னொரு குறை. உதவித்தொகையை ஒவ்வோர் ஆண்டும் தேசிய உதவித்தொகை இணையதளத்தில் புதுப்பிக்க வேண்டும். பத்தாம் வகுப்பில் 60 விழுக்காடு, பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கு 55 விழுக்காடு எடுத்தால்தான் பதினொன்றாம் வகுப்பில் தொகை தொடரும். இவற்றை ஒரு பக்கத்தில் அச்சடித்துக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். அடுத்த ஆண்டு சேர்ப்பவர்கள் ஜூன் மாதத்திலேயே சேர்த்து, வருமானச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் முன்கூட்டியே விண்ணப்பித்துவிடுங்கள். தேர்வு விண்ணப்பம் பள்ளித் தலைமையாசிரியர் வழியாகத்தான் போகும் என்பதால், அவரிடமும் ஒரு சொல் சொல்லிவையுங்கள்.