ஹாம்ஸ்டர் ‘செட்’ வாங்கலாமா? பெட்டியைப் பிரித்துப் பார்த்தால்

கடையில் ஹாம்ஸ்டர் (எலி போன்ற சிறு வளர்ப்புப் பிராணி) வாங்கப் போனால் கூடவே ஒரு ‘செட்’டையும் எடுத்து வைப்பார்கள். சுமார் 47 × 30 செ.மீ. கம்பிக் கூண்டு, கையகலச் சக்கரம், வளைந்த பிளாஸ்டிக் குழாய், தண்ணீர் பாட்டில், குட்டி வீடு. சிலவற்றில் உள்ளே விட்டு உருட்ட ஒரு பந்தும் உண்டு. பார்க்க அழகாக இருக்கும், குழந்தைகள் உடனே கேட்பார்கள். ஆனால் அந்தப் பெட்டியில் ஹாம்ஸ்டருக்கு நிஜமாகவே உதவுவது தண்ணீர் பாட்டில் ஒன்றுதான்.

முதலில் சக்கரம். செட்டில் வருவது பெரும்பாலும் 12 முதல் 14 செ.மீ. விட்டம். பெரிய இனமான சிரியன் ஹாம்ஸ்டர் வளர்ந்துவிட்டால் அதன் உடம்பே ஏறத்தாழ 15 செ.மீ. நீளம். தன்னைவிடச் சிறிய வட்டத்துக்குள் ஓடும்போது அது முதுகைப் பின்னோக்கி வளைத்து, தலையை அண்ணாந்தபடிதான் ஓட முடியும். ஓர் இரவில் பல கிலோமீட்டர் ஓடக்கூடிய பிராணி, அத்தனை தூரத்தையும் அந்த வளைந்த நிலையிலேயே ஓடித் தீர்க்கிறது. குட்டியாக இருக்கும்போது சரியாகத் தெரிந்த சக்கரம் இரண்டு மாதத்தில் பற்றாமல் போவதும் இதனால்தான்.

சிரியனுக்கு 28 செ.மீ., கேம்பெல், விண்டர் ஒயிட், ரோபரோவ்ஸ்கி போன்ற குள்ள இனங்களுக்கு 20 செ.மீ. வாங்குங்கள். அட்டையில் போட்டிருக்கும் அளவை நம்பாமல் உள்விட்டத்தை ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். பல தயாரிப்புகள் தாங்கியையும் சேர்த்து உயரத்தைத்தான் எழுதியிருக்கும். சரியான அளவா என்று தெரிய ஒரே சோதனை: ஓடும்போது பக்கவாட்டில் நின்று பாருங்கள். கழுத்து முதல் வால் வரை முதுகு நேராக இருக்க வேண்டும்.

அளவுக்கு அடுத்தபடி ஓடுதளம். கம்பிப் படிகள் வைத்த சக்கரத்தை விலை மலிவென்று எடுக்கவே கூடாது. ஓட்ட வேகத்தில் பின்னங்கால் இடைவெளியில் நழுவினால் எலும்பு முறியும், முறியாவிட்டாலும் பாதத்தில் புண் வந்து வீங்கும். வலைத் தளத்தில் நகம் மாட்டும். இடைவெளியே இல்லாத, மெல்லிய வரிகள் மட்டும் உள்ள தளம் வேண்டும். முன்பக்கத்தில் குறுக்குக் கம்பி இருந்தால் அதையும் தவிர்க்க வேண்டும். ஏறி இறங்கும் நேரத்தில் சுழலும் கம்பிக்கும் நிலையான தாங்கிக்கும் நடுவே தலையோ காலோ கத்தரியில் சிக்கியது போல் சிக்கிவிடும். அச்சு பின்பக்கம் மட்டும் தாங்கும் வகையே நல்லது.

மரமா, பிளாஸ்டிக்கா? மரச் சக்கரத்தில் பிடிமானம் அருமை, ஆனால் ஹாம்ஸ்டர் ஓடிக்கொண்டே சிறுநீர் கழிக்கும். மரம் அதை உறிஞ்சி ஒரு மாதத்தில் நாறத் தொடங்கும். வாரம் ஒருமுறை கழற்றிக் கழுவ முடிகிற பிளாஸ்டிக்கோ அக்ரிலிக்கோ நம் ஊர் ஈரப்பதத்துக்கு ஏற்றது. ‘சத்தமில்லாதது’ என்று விற்பவற்றில் அச்சில் பேரிங் இருக்கிறதா என்று பாருங்கள். வெறும் பிளாஸ்டிக் மேல் பிளாஸ்டிக் உராய்ந்தால் கொஞ்ச நாளில் கிறீச்சிடும். கிறீச்சிட்டால் முதலில் சிக்கிய முடியையும் தூசியையும் எடுங்கள், பிறகு ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் போதும். இயந்திரத்துக்குப் போடும் ஸ்ப்ரே வேண்டாம், ஹாம்ஸ்டர் அதை நக்கிவிடும்.

சக்கரத்தில் ஓடுவதே சிறைப்பட்ட பிராணியின் பைத்தியக்காரத்தனம் என்று சிலர் ஒதுக்குகிறார்கள். நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் திறந்தவெளியில் சக்கரம் வைத்துப் பார்த்தபோது, காட்டு எலிகள் தாமாகவே வந்து ஏறி ஓடின. 2014-இல் வெளியான ஆய்வு அது. ஓட்டம் அவற்றுக்குப் பிடிக்கும். ஆனாலும் நல்ல சக்கரம் வாங்கிவிட்டால் வேலை முடிந்தது என்று இருந்துவிட முடியாது. செட்டின் பெரிய குறை சக்கரத்துக்குக் கீழேதான் இருக்கிறது.

அந்தக் கூண்டின் அடித்தட்டில் ஐந்து செ.மீ. உயரத்துக்கு மேல் எதையும் நிரப்ப முடியாது. ஹாம்ஸ்டரோ வளை தோண்டி வாழும் பிராணி. சுவிட்சர்லாந்தின் பெர்ன் பல்கலைக்கழகத்தில் 10, 40, 80 செ.மீ. ஆழத்துக்குப் படுக்கை (தரையில் பரப்பும் மரச்சீவல் போன்றவை) நிரப்பி ஹாம்ஸ்டர்களை ஒப்பிட்டார்கள். 10 செ.மீ.யில் இருந்தவை கம்பியை அதிகம் கடித்தன, சக்கரத்திலும் அதிகம் ஓடின. 80 செ.மீ.யில் இருந்தவை கம்பியைக் கடிக்கவே இல்லை. இரவெல்லாம் சக்கரமே கதி என்று கிடந்தால் ‘சுறுசுறுப்பு’ என்று மகிழ்வதற்கு முன், தோண்ட இடம் இருக்கிறதா என்று பாருங்கள். அங்கேயே நடந்த இன்னொரு ஆய்வில் 1,800 முதல் 10,000 சதுர செ.மீ. வரை கூண்டுகளை வைத்தார்கள். சிறிய கூண்டுகளில் கம்பி கடிப்பது கூடியது. செட் கூண்டு 1,410 சதுர செ.மீ. அதாவது அந்த ஆய்வின் மிகச் சிறிய கூண்டைவிடவும் சிறியது.

ஆகவே கூண்டுக்குப் பதில் 100 × 50 செ.மீ. அளவில் பழைய மீன் தொட்டி ஒன்றைப் பிடியுங்கள், மேலே வலை மூடி போடுங்கள். ஒரு பாதியில் காகிதத் துகளோ தூசி நீக்கிய ஆஸ்பென் மரச்சீவலோ 25 செ.மீ.க்குக் குறையாமல் நிரப்பி, கையால் அழுத்துங்கள். அழுத்தாவிட்டால் வளை சரியும், நடுநடுவே கொஞ்சம் வைக்கோல் வைத்தால் இன்னும் நிற்கும். தச்சுப்பட்டறைத் தூள் வேண்டாம். எந்த மரம், என்ன பசை என்று தெரியாது, தூசியும் மூச்சுக்குழாயைக் கெடுக்கும். சக்கரத்தை இந்தப் படுக்கை மேல் வைத்தால் ஓரிரவில் அடியைத் தோண்டிச் சாய்த்துவிடும். தொட்டித் தரையில் கால் ஊன்றிய மரப்பலகை மேல் வையுங்கள்.

செட்டில் வரும் குழாய்களின் உள்விட்டம் 5 செ.மீ. அளவுதான். கன்னப்பையை நிரப்பிக்கொண்டு வரும் சிரியன் அதில் சிக்கும், காற்றும் போகாது. பந்தைத் தூக்கி எறிந்துவிடலாம். மோப்பத்தையும் மீசையையும் நம்பி வழி அறியும் பிராணியை வழுக்கும் பிளாஸ்டிக்குக்குள் அடைப்பது அதற்கு விளையாட்டல்ல.

கிண்ணத்தில் தீனி வைக்காமல் படுக்கை மேல் தூவுங்கள். சிரியனுக்கு நாளொன்றுக்குச் சுமார் 10 கிராம். தேடிப் பொறுக்கவே ஒரு மணி நேரம் போகும். வாரம் ஒரு தினைக்கதிரை நட்டு வைத்தால் ஏறிப் பறிக்கும். ஒரு மூலையில் 20 × 30 செ.மீ. தட்டில் கழுவி, வாணலியில் வறுத்து, சலித்து ஆறவைத்த ஆற்று மணல் போடுங்கள், புரண்டு குளிக்கும். சின்சில்லா என்ற வேறொரு வளர்ப்புப் பிராணிக்கு விற்கும் மாவு போன்ற தூள் நுரையீரலுக்குக் கெடுதல்.

குட்டி வீட்டுக்குப் பதில் பூச்சு இல்லாத மண் சட்டியை, விளிம்பில் வாசல் உடைத்து, உடைந்த முனையைத் தேய்த்து மழுக்கிக் கவிழ்த்துவிடுங்கள். மே மாத வெயிலில் பிளாஸ்டிக் வீடு அடுப்பாகிவிடும், சட்டி குளிர்ச்சியாக இருக்கும்.

செட்டில் மிஞ்சிய பாட்டிலையும் மாட்டும் முன் ஒருமுறை நிரப்பி, ஒரு மணி நேரம் தலைகீழாகத் தொங்கவிடுங்கள். சொட்டினால் படுக்கை பூஞ்சை பிடிக்கும். பாட்டில் முனையில் உள்ள உருண்டையை விரலால் தொட்டும் தண்ணீர் வராவிட்டால் கடையில் மாற்றிக்கொள்ளுங்கள்.