மடிப்பதா, அடுக்கி ஒட்டுவதா? அட்டை இருக்கைக்கு இரண்டு வழிகள்

அட்டையில் இருக்கை செய்யக் கிளம்பும் மாணவருக்கு இரண்டு வழிகள். ஒன்று, ஒரே தாளை மடிப்பது; 1963-இல் பீட்டர் மர்டாக் வடிவமைத்த குழந்தை நாற்காலி அப்படிப்பட்டது. இன்னொன்று, வெட்டிய துண்டுகளை அடுக்கி ஒட்டுவது. ஃபிராங்க் கெரியின் 1972 'விகிள்' நாற்காலி இந்த வகை.

அடுக்குவதில் பெரிய தந்திரம் இல்லை. எந்த வளைவையும் வெட்டலாம், உட்கார்ந்தால் அசையாது. ஆனால் அட்டையை விழுங்கிவிடும். 5 மி.மீ. அட்டையில் 40 செ.மீ. அகல இருக்கை என்றால் 80 துண்டுகள்! கை ஓய்ந்துவிடும். அப்புறம் பசை காயும்வரை பாரம் ஏற்றிக் காத்திருக்க வேண்டும்.

மடிப்பில் அட்டை குறைவு, யோசனை அதிகம். அட்டையின் இரண்டு தாள்களுக்கு நடுவே அலை அலையாக ஓடும் நெளிகளின் திசைதான் எல்லாம். அவை செங்குத்தாக நின்றால் பாரம் தாங்கும். கிடையாகப் போனால் கால் நசுங்கும். நெளிக்கு இணையாக மடித்தால் கோடு பக்கத்துப் பள்ளத்துக்கு நழுவும். குறுக்கே மடிக்க, மொண்ணையான கருவியால் முதலில் அழுத்திக் கோடிட வேண்டும். கத்தியால் கீறுவது சுலபம்தான், ஆனால் மேல்தாள் அறுந்து அந்த இடம் பலவீனமாகும். முழுதாகத் திருப்பி மடிக்கும் இடத்தில் ஒரு கோடு போதாது. அட்டைத் தடிமனுக்கு இடம் விட்டு இரண்டு கோடுகள் வேண்டும். மெல்லிய தாளில் செய்த சின்ன மாதிரி இதைக் காட்டாது. அதனால் சிக்கலான மூலையை மட்டுமாவது உண்மையான அட்டையில், முழு அளவில் மடித்துப் பாருங்கள்.

கற்றுக்கொள்ளத்தான் செய்கிறீர்கள் என்றால் என் ஓட்டு மடிப்புக்கே. சமர்ப்பிக்கும் நாள் நெருங்கிவிட்டது, கையில் அட்டையும் நிறைய இருக்கிறது என்றால், சரி, அடுக்குங்கள்.