கண்மாய்க்கு ஆள் வேண்டும்: ஊர்த் தலைமையை உருவாக்க மூன்று வழிகள்

எங்கள் பக்கம் ஒரு கண்மாயைத் தூர்வாரி ஐந்து வருடம்கூட ஆகவில்லை, மறுபடி சீமைக் கருவேலம் அடைத்துக்கொண்டது. பணம் வந்தது, பொக்லைன் வந்தது, கரையும் உயர்ந்தது. அடுத்த மழைக்கு முன், கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலை யார் போய்ப் பார்ப்பது என்று மட்டும் யாரும் பேசவில்லை. அந்த ஆதங்கத்தில்தான் ஊருக்குள்ளேயே ஆளைத் தயார் செய்த முயற்சிகளைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். மகாராஷ்டிரம், ஆந்திரம், ராஜஸ்தான் என்று மூன்று இடங்களில் மூன்று வழிகள். எது நமக்கு ஒத்துவரும் என்று பார்த்துவிடலாம்.

முதலில் மகாராஷ்டிரம். ஆமிர் கானும் கிரண் ராவும் 2016ல் தொடங்கிய பானி ஃபவுண்டேஷன், மழைநீரைத் தேக்கும் வேலைக்காக ஊர்களுக்குள் வாட்டர் கப் என்ற போட்டியை வைத்தது. ஊருக்கு ஐந்து பேர் நான்கு நாள் தங்கிப் பயிற்சி எடுப்பார்கள். பிறகு கொளுத்தும் கோடையில் நாற்பத்தைந்து நாள், ஊரே இறங்கி வாய்க்காலும் வரப்பும் வெட்டும். முதல் வருடம் 3 வட்டங்களில் 116 ஊர்கள். சாத்தாரா மாவட்டத்து வேளு என்ற ஊர் 50 லட்சம் ரூபாய் முதல் பரிசைத் தட்டிச் சென்றது. 2018ல் போட்டி 75 வட்டங்களுக்குப் பரவியிருந்தது.

பயிற்சியில் எனக்கு மிகவும் பிடித்தது சமமட்டம் பார்க்கச் சொல்லிக்கொடுக்கும் விதம். அளவு குறித்த இரண்டு கம்புகள், இரண்டையும் இணைக்கும் ஒரு டியூப், உள்ளே தண்ணீர். தளம் போடும்போது கொத்தனார் மட்டம் பார்ப்பாரே, அதே வேலைதான். ஒருவர் கம்பைப் பிடித்து நிற்க, மற்றவர் சரிவில் நகர்ந்து நகர்ந்து இரண்டு பக்கமும் தண்ணீர் ஒரே அளவில் நிற்கும் இடத்தில் சுண்ணாம்பால் குறி போடுவார். குறிகளைச் சேர்த்தால் மலைச்சரிவில் ஒரு கோடு விழும், அந்தக் கோட்டில் வெட்டினால் மழைநீர் ஓடாமல் நிற்கும். எழுதப் படிக்கத் தெரியாதவரும் அரை நாளில் பழகிவிடக்கூடிய வேலை இது. இஞ்சினியருக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

ஆனால் போட்டி என்றால் அளந்து மதிப்பெண் போட முடிந்ததுதான் முன்னே நிற்கும். வெட்டிய குழியை அளக்கலாம். கிணற்றில் ஏறிய தண்ணீரை எந்தப் பயிருக்கு இறைப்பது என்ற பேச்சை எப்படி அளப்பது? 2019க்குப் பிறகு வாட்டர் கப் நின்றது. அவர்களே, விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து பயிர் செய்யும் ஃபார்மர் கப் பக்கம் திரும்பினார்கள். அது நல்ல திருப்பம் என்றே நினைக்கிறேன்.

ஆந்திரத்தின் வழி வேறு. அங்கே மாநில அரசின் விவசாயிகளுக்கான அமைப்பான ரைது சாதிகார சம்ஸ்தா 2016ல் இயற்கை விவசாயத் திட்டத்தைத் தொடங்கியது. பாடம் சொல்பவர் வெளியிலிருந்து வரும் அதிகாரி இல்லை. தன் வயலில் செய்து பார்த்த விவசாயிதான் பக்கத்து ஊருக்குப் போய்ச் சொல்லிக்கொடுக்கிறார், அதற்கு ஊதியமும் உண்டு. பெண்களின் சுயஉதவிக் குழுக்கள்தான் இதற்கு முதுகெலும்பு. மழைக்கு முன்பே காய்ந்த மண்ணில் பல தானிய விதைகளைக் களிமண்ணும் சாணக் கரைசலும் பூசி விதைத்து, மேலே வைக்கோல் மூடாக்குப் போடுகிறார்கள். ‘மழையே இல்லாமல் எதை விதைக்கிறாய்’ என்று கேட்பவரிடம் வாதாடி ஜெயிக்க முடியாது. முளைத்த வயலுக்குக் கூட்டிப்போய்க் காட்டினால் போதும்.

2024ல் போர்ச்சுகலின் குல்பென்கியன் அறக்கட்டளை தரும் சர்வதேசப் பரிசில் இந்தத் திட்டத்துக்கும் பங்கு கிடைத்தது. அதே 2024க்குள் 60 லட்சம் விவசாயிகளை எட்டுவோம் என்று 2018ல் அறிவித்திருந்தார்கள், அது நடக்கவில்லை. எண்ணிக்கைக்காக ஓடினால் பழக்குபவரும் களைத்துப்போவார். எனக்கு அதைவிடப் பெரிய குறை ஒன்று தெரிகிறது: இது அவரவர் நிலத்தில் நடக்கும் வேலை. கண்மாய் யாருடைய நிலமும் இல்லை.

அந்த இடத்தில்தான் ராஜஸ்தானின் ஆல்வார் மாவட்டம் வருகிறது. 1985ல் ராஜேந்திர சிங்கும் தருண் பாரத் சங்கம் என்ற தொண்டு அமைப்பின் நண்பர்களும் மருத்துவமும் படிப்பும் தரப்போகிறோம் என்றுதான் அங்கே போனார்கள். கோபால்புரா ஊர்ப் பெரியவர் ஒருவர், எங்களுக்கு வேண்டியது தண்ணீர் என்று சொல்லித் தூர்ந்துபோன ஜோஹடைக் காட்டினார். ஜோஹட் என்பது பிறைவடிவ மண்கரை போட்ட குளம். ஆக, வந்தவர்களுக்குத்தான் ஊர் பயிற்சி கொடுத்தது! ஊர் கூடிப் பேசி, ஒத்துக்கொண்டு, தன் உழைப்பைப் போட்டால்தான் வேலை தொடங்கும். ஊர் ஊராக நடைப்பயணமும் உண்டு. இப்படி ஜோஹடுகள் பெருகியதில், மழைக்காலத்தில் மட்டும் ஓடிக்கொண்டிருந்த ஆர்வாரி ஆறு 1990களின் நடுவில் ஆண்டு முழுக்க ஓடத் தொடங்கியது.

தண்ணீர் வந்ததும் சண்டையும் வந்தது. 1996ல் அரசு அந்த ஆற்றின் மீன்களைக் குத்தகைக்கு விட, ஊர்கள் எதிர்த்து நின்றன. ஆற்றை மீட்டவர்கள் நாங்கள், முடிவெடுப்பவர் யார் என்ற கேள்வியிலிருந்துதான் சுமார் 70 ஊர்கள் சேர்ந்த, ஆர்வாரி நாடாளுமன்றம் என்ற ஊர்மக்கள் சபை பிறந்தது. கரும்பு, நெல் போலத் தண்ணீரைக் குடிக்கும் பயிர் வேண்டாம் என்று அவர்களே விதி போட்டுக்கொண்டார்கள். முகாமில் உட்கார்ந்து கற்கிற விஷயமா இது? நானும் ஒரு முறை இரண்டு நாள் நீர் மேலாண்மைப் பயிற்சிக்குப் போனேன். சான்றிதழ் தந்தார்கள். அதன் பிறகு ‘என்ன செய்தாய்’ என்று கேட்க ஒருவரும் இல்லை. ஆல்வாரில் அந்தக் கேள்வியைக் கேட்க ஊரே இருந்தது.

இதிலும் குறை இல்லாமல் இல்லை. பத்து வருடம் ஒரே பகுதியில் கிடக்கக்கூடிய ஆள் வேண்டும். ஒருவர் பெயரே பெரிதாகிவிடும் ஆபத்தும் உண்டு. பெண்களை முன்னே நிறுத்துவதில் ஆந்திர வழிதான் தெளிவாக இருக்கிறது.

என் தேர்வைச் சொல்லிவிடுகிறேன். சொந்த வயலின் மண்ணை மீட்க ஆந்திர வழி. கண்மாய், மேய்ச்சல் புறம்போக்கு என்று பொதுவில் உள்ளதற்கு ஆல்வார் வழி. ஊர் தூங்கிக்கிடந்தால் எழுப்பிவிட மகாராஷ்டிரத்துப் போட்டி போல ஒன்று, ஆனால் அதோடு நிறுத்தக்கூடாது.

நமக்கு இது ஒன்றும் புதிதில்லை. மடை திறக்கவும் முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சவும் ஊரே நியமித்த நீர்ப்பாய்ச்சி இருந்தார், அறுவடையில் அவருக்கு நெல் அளந்தார்கள். மதுரையைச் சேர்ந்த தானம் அறக்கட்டளை, வயலகம் என்ற பெயரில், கண்மாய்த் தண்ணீர் பாயும் ஆயக்கட்டு விவசாயிகளைச் சங்கமாகச் சேர்த்து வருகிறது. எங்கள் கண்மாய்க்கு நான் கேட்பது இவ்வளவுதான்: சித்திரையில் இரண்டு பேர், அதில் ஒருவர் பெண், வரத்துக்காலின் தலையிலிருந்து, மிகுதித் தண்ணீர் வழியும் கலுங்கு வரை நடந்து பார்க்க வேண்டும். எங்கே அடைப்பு, எங்கே ஆக்கிரமிப்பு என்று கிராமசபையில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அவர்களுக்கு அன்றைய கூலியை ஊர்ப் பொதுப்பணத்திலிருந்து கொடுத்துவிட வேண்டும்.